நங்கூரத்தின் மிச்சக் குரல்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதிவிட்டு, எல்லாரும் என்றால் இந்த வீட்டில் யார் யார் என்று யோசித்து அடித்துவிட்டேன். நான் நலம்.

போனில் கூப்பிட்டால் உங்களால் பேச முடியாது. செய்தி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. ஒரு மனிதர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, கோபமாக இருக்கிறாரா என்பதையெல்லாம் ஒரு கட்டைவிரலிலிருந்து கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. அதனால்தான் காகிதம். கையால் எழுதிப் பல வருஷமாகிறது. கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டுப் போனீர்கள். இப்போது இரண்டாவது மாதம் நடக்கிறது. கணக்குக் கேட்பதற்காகச் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை, அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாம், அதற்காகச் சொல்கிறேன். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கழுத்துத் துளைக்கு மேல் கட்டும் துணிகளும் அதிலேயே இருக்கின்றன. உங்கள் அக்கா வீட்டு மாடி, தெருவைப் பார்த்த மாடி. லாரி போகிற தெரு. துணி கட்டாமல் அங்கே நிற்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் மூச்சு விடுவது மூக்கு வழியாக இல்லை என்பது உங்களுக்கே பாதி நேரம் மறந்துவிடுகிறது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நானும் வந்துவிடட்டுமா? எங்கே வலிக்கிறது, விழுங்கும்போது வலிக்கிறதா விழுங்கிய பிறகு வலிக்கிறதா என்றெல்லாம் அவர் கேட்பார். நீங்கள் எழுதி முடிப்பதற்குள் அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார். இங்கே இருந்தபோது நான்தானே சொல்வேன். இந்த அம்மாவுக்கு அவர் தொண்டை தன் தொண்டை மாதிரி என்று நர்ஸ்கூடச் சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா?

நீங்கள் என்னைக் கூப்பிட நான் வாங்கி வந்த கைமணி ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து, அதையும் பார்சலில் வைக்கட்டுமா என்று உங்கள் அக்காவிடம் போனில் கேட்டேன். மறக்கலையாம், வேணாம்னு எழுதிக் காட்டறான் என்றார். சரி. அது அங்கேயே இருக்கட்டும். ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போது லேசாகக் கிணுகிணுக்கிறது. முதல் இரண்டு வாரம் அந்தச் சத்தத்துக்கு எழுந்து எழுந்து போனேன். இப்போது போவதில்லை.

பெண் விடுதியிலிருந்து கூப்பிடுகிறாள். அப்பா எப்ப வருவார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். நீ எப்பம்மா போவே என்று கேட்கிறாள். வேலை இருக்கிறதே என்றேன். உனக்கென்னம்மா, கார்ட்டூன்ல ஒன்பது பேரை வெச்சு மேய்க்கிறே, ஒரே ஒருத்தர்னா கஷ்டம்தான் என்றாள். நாக்கு உங்கள் குடும்பத்து நாக்கு.

ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குரலில் பேசும் நங்கூரம் நன்றாக இருக்கிறார். நீங்களாகக் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சேனலிலிருந்து புதிதாக ஒரு அதிகாரி வந்திருக்கிறார். கார்ட்டூனுக்கு ஒன்பது சூப்பர் ஹீரோ எதுக்கு, நாலு போதாதா என்று கேட்டார். அவருக்கு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. நங்கூரம் காலை ஊன்றி நின்றால் யாராலும் அசைக்க முடியாது, விழுகிற பாலத்தைத் தோளில் தாங்குவார். தீக்குச்சி சின்னப் பெண், கோபம் வந்தால் பற்றிக்கொள்வாள். பட்டம் பறப்பான், ஆனால் காற்று வேண்டும். மூடுபனி எதற்குள்ளும் நுழைவாள், யார் கண்ணிலும் படமாட்டாள். நிமிடம் என்கிற கிழவர் உலகத்தையே ஒரு நிமிஷம் நிறுத்தி வைப்பார். இப்படிச் சொல்லிக்கொண்டு வரும்போதே அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இதுக்குத்தான் மேடம் நாலு போதும்னேன் என்றார்.

நாற்பது வருஷம் வசனம் எழுதிய தோரணையில் நம் ஆபீஸ் சித்தப்பா, சார் வீட்ல எத்தனை பேர் என்று கேட்டார். கூட்டுக் குடும்பம், பதினோரு பேர் என்றார் அதிகாரி. அதுல எந்த ஏழு பேரை அனுப்பலாம்னு சொல்லுங்க, நாங்க அதையே இங்க பண்ணிடறோம் என்றார் சித்தப்பா. மனிதர் அதற்குப் பிறகு காப்பியைக் குடித்துவிட்டு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்.

ஒன்பது பேருக்கும் வசனத்தைச் சமமாகப் பங்கு போடுவது இல்லை எங்கள் வேலை. ஒன்பது பேரையும் ஓர் அறையில் நிறுத்தினால் இரண்டு பேர் பேசுவார்கள், ஏழு பேர் மரம் மாதிரி நிற்பார்கள். அதனால் இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகப் பிரித்து அனுப்புவோம். அதிலும் ஒத்துப்போகாதவர்களாகப் பார்த்துச் சேர்த்து அனுப்புவோம். ஒருத்தருக்குச் சக்தி அதிகம் என்றால் அவர் தாமதமாகத்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் கதை முதல் நிமிஷத்தில் முடிந்துவிடும். (நங்கூரம் ஏன் எப்போதும் லேட் என்று நீங்கள் கேட்டதும், பஸ் கிடைச்சிருக்காது என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறதா?) வராத ஆளைப் பற்றி வந்தவர்கள் ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் அந்த ஆளை மறந்துவிடுவார்கள். இதையெல்லாம் அதிகாரிக்குச் சொன்னேன்.

பிறகு பந்தி விசாரிப்பதையும் உட்கார்ந்து பார்த்தார். ஆளுக்கு ஓரிரு ஹீரோவை எடுத்துக்கொண்டு, அந்த ஹீரோவின் பக்கத்திலிருந்து மட்டும் முழு ஸ்கிரிப்டையும் உரக்கப் படித்து, என் ஆளுக்குத் தட்டில் என்ன விழுந்தது என்று நாங்கள் சண்டை போடுவது வெளி ஆளுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டு எழுத வந்த நம் குட்டி வக்கீல் அன்று தீக்குச்சிக்காக மேஜையைத் தட்டியதில் டம்ளர் கவிழ்ந்தது. நங்கூரத்தை எப்போதும் போல நான் படித்தேன்.

நீங்கள் இல்லாமல் நங்கூரம் எப்படிப் பேசுகிறார் என்று நினைப்பீர்கள். ஒரு வசனத்தை மூன்று விதமாகப் பேசிக் கொடுப்பது உங்கள் பழக்கம். ஒன்று படத்தில் சேரும், மற்ற இரண்டும் சவுண்ட் இன்ஜினியரிடம் தூங்கும். இரண்டு சீசனின் மிச்சத்தையும் அவர் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார். பொறுங்க, பார்க்கலாம். நான் இருக்கேன். அது சரிதான். வேணாம், விடு. அப்புறம் முனகல்கள், இரண்டு மூன்று சிரிப்பு, பாலத்தைத் தூக்கும்போது வருகிற அந்த மூச்சு. எனக்கு இவை போதும். அதற்கு முன்னும் பின்னும் காட்சியை எழுதிக்கொள்கிறேன். வெளியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. டைரக்டரே ஓடிய படத்தைப் பார்த்துவிட்டு, அண்ணன் எப்ப வந்து பேசிட்டுப் போனார் என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆகவே நங்கூரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெந்நீரில் மட்டும் ஆவி பிடியுங்கள், வேறெதையும் அதில் போட வேண்டாம், யார் சொன்னாலும்.

அன்புடன்,
நான்


புதன்கிழமை, ஆபீஸிலிருந்து

அன்புள்ள உங்களுக்கு,

சட்டை கிடைத்ததாக உங்கள் அக்கா சொன்னார். சரியாக இருக்கிறதா, தோள் பக்கம் தொளதொளவென்று இருக்கிறதா என்று அவர் சொல்லவில்லை. நீங்களும் எழுதவில்லை. முப்பது வருஷம் மைக் முன்னால் பேசியே பழகியவருக்குப் பேனா பிடிப்பது சங்கடம்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

போனில் உங்கள் அக்கா இன்னொன்றும் சொன்னார். இங்க சாப்பிட உட்காந்தா ஒரு மணி நேரம் ஆகுதும்மா, அவன் சிலேட்டுல எழுதி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் கைய தட்டுல வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கோம், எல்லாம் ஆறிப்போகுது, ஆனா சிரிக்கிறான்மா என்றார். அவர் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, நேத்து ஒரு ஜோக் எழுதினான், கடைசி வரி எழுத சிலேட்டுல எடம் பத்தல, அழிச்சிட்டு எழுதறதுக்குள்ள நாங்க சஸ்பென்ஸ்ல செத்துட்டோம் என்று கத்தினார். நான் சிரித்தேன். என்ன ஜோக் என்று கேட்டேன். அவன் எழுதினாத்தான் நல்லாருக்கும் என்றார்கள்.

எனக்காகச் சொன்னதா, சும்மா சொன்னதா என்று தெரியவில்லை. உங்கள் அக்கா எதையும் சும்மா சொல்கிறவர் இல்லை. இங்கே நீங்கள் ‘ஜன்’ என்று எழுதும்போதே நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். கடைசியாக ஒரு நாள் நீங்கள் எழுந்து போய் அதைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். காற்று வேண்டியிருந்தது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இருக்கட்டும். இந்தக் கடிதம் அதற்காக இல்லை. ஆபீஸில் ஒரு விஷயம் நடந்தது, உங்களுக்குத் தெரிய வேண்டியது.

போன வாரம் பந்தி விசாரித்தோம். அணை உடையும் எபிசோட். சீசனில் பெரியது, ஒன்பது பேரும் வருகிறார்கள். ஒவ்வொரு காட்சியையும் செதுக்கியிருந்தேன், எனக்கே திருப்தியாக இருந்தது. குட்டி வக்கீல் தீக்குச்சியைப் படிக்க ஆரம்பித்தாள். நங்கூரம் அண்ணா, இப்ப என்ன பண்ணலாம்? அடுத்தது, நீங்க சொல்லுங்கண்ணா. அதற்கடுத்தது, உள்ள போகட்டுமா, இல்ல இங்கயே நிக்கட்டுமா? படித்து முடித்துவிட்டு வழக்கம்போல மேஜையைத் தட்டுவாள் என்று எல்லாரும் டம்ளர்களை நகர்த்தி வைத்துக்கொண்டோம். அவள் தட்டவில்லை. மேடம், என் கட்சிக்காரர் இதுல ஒரு வேலையும் செய்யல, கேள்விதான் கேக்கறாங்க என்று மெதுவாகச் சொன்னாள்.

இந்த ஒரு எபிசோடில் அப்படி இருக்கும் என்றேன்.

பட்டத்தைப் படித்தவரும் அதையே சொன்னார். அவன் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரியா அண்ணா என்று கேட்கிறான். நிமிடம் உலகத்தை நிறுத்திவிட்டு, இது போதுமா தம்பி என்று கேட்கிறார். எழுபது வயசு ஆளுக்கு இது தேவையா என்றார் சித்தப்பா. பிறகு யாரோ போன எபிசோடை எடுத்தார்கள். அதற்கு முந்தினதையும் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் அப்படித்தான். மூடுபனிக்கு இரண்டு எபிசோடாக வசனமே இல்லை. அவளை யார் படிக்க வேண்டும் என்று பார்த்தால் நான். நங்கூரத்தைப் படித்து முடித்ததும் எனக்கு வேலை முடிந்துவிட்டது என்று எழுந்து போயிருக்கிறேன்.

புரிகிறதா? மிச்சமிருந்த வசனம் எல்லாம் பதில்கள். பொறுங்க, பார்க்கலாம் என்பதற்கு முன்னால் யாராவது கேட்டாக வேண்டும். அது சரிதான் என்பதற்கு முன்னால் யாராவது சரியான ஒன்றைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். ஒரு மனிதருடைய மிச்சப் பேச்சு பொருந்துவதற்காக எட்டுப் பேரை வளைத்திருக்கிறேன். அணை உடைந்து தண்ணீர் வருகிறது, எட்டு சூப்பர் ஹீரோக்கள் வரிசையில் நின்று சந்தேகம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குட்டி வக்கீல் கடைசியாகத்தான் அதைச் சொன்னாள். தப்பா எடுத்துக்காதீங்க மேடம், இவங்க யாரும் பேசல, நங்கூரத்துக்கு எடுத்துக் கொடுக்கறாங்க. அவரும் பேசல. எடுத்துக் கொடுத்ததுக்குத் தலையாட்டறார் என்றாள்.

எனக்கு வாதத்தில் தோற்றுப் பழக்கம் குறைவு. தண்ணீர் குடித்தேன். பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

டைரக்டரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். அவர் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, நங்கூரம் ஊமையாகிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம், பேசாத ஹீரோன்னா ஒரு கம்பீரம்தான் என்றார். முடியாது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி சரி மேடம் என்று விட்டுவிட்டார். இரண்டாவது, அணையைத் தாங்கிக்கொண்டே நங்கூரம் செத்துப்போவது. அதிகாரிக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒன்பதில் ஒன்று குறைகிறதே. பிள்ளைகள் அழுவாங்க, நல்லா ஓடும் என்றாராம்.

மூன்றாவது யோசனை சவுண்ட் இன்ஜினியருடையது. பஸ் நிலையத்தில் வண்டி வரும் நேரம் அறிவிக்கிறவர் ஒருத்தரை அழைத்து வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். உங்களைப் போல அடித்தொண்டைக் குரல் இல்லை, கொஞ்சம் மூக்கு. ஆனால் அவசரப்படாமல் பேசுகிறார். தினமும் ஆயிரம் பேர் பதற்றமாக ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் பேசிப் பழகியவர். நங்கூரத்தின் இரண்டு பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னோம். படித்தார். எல்லாருக்கும் சரி என்றுதான் பட்டது, அவருக்கு டீ வரவழைத்தோம்.

அவர் ஸ்கிரிப்டைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணனுக்குத் தெரியுமா மேடம் என்று என்னைக் கேட்டார். இன்னும் சொல்லவில்லை என்றேன். எம்பொண்ணு நங்கூரம் ரசிகைங்க, அண்ணன் குரல்லதான் தூங்குவா. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் வந்து பேசறேன். சொல்லலேன்னா பஸ்ஸுக்கே பேசிக்கறேன், தப்பா நினைக்காதீங்க என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதனால்தான் கேட்கிறேன். அடுத்த வாரம் அணை எபிசோடை முடித்துக் கொடுக்க வேண்டும். நங்கூரம் வேறு குரலில் பேசலாமா, அல்லது அணையோடு போய்விடட்டுமா? உங்கள் சார்பில் நானே பதில் சொல்லிவிடலாம் என்று டைரக்டர் நினைக்கிறார். உங்களுக்குத் தெரியாததா மேடம் என்கிறார். போன மாதம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சரளமாகச் சொல்லியிருப்பேன்.

இப்போது எனக்கு உங்கள் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், நீங்கள் பேச வேண்டிய எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது.

ஒரு வரி எழுதினால் போதும்.

குழாய் ரிப்பேர்காரர் வந்தார். பாத்ரூம் குழாய்ச் சொட்டு நின்றுவிட்டது. சாரு எங்கே, அவர் இருந்தா பேச்சுத் துணையா இருக்குமே என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன்.

அன்புடன்,
நான்


சனிக்கிழமை, காலை

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதம் போட்டுப் பத்து நாளாகிறது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன்.

எனக்கு எழுதவில்லை, சவுண்ட் இன்ஜினியருக்கு எழுதியிருந்தீர்கள். பாவம், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் என் கண்ணில் படாமல் சுற்றியிருக்கிறார். கடைசியில் கேன்டீன் வரிசையில் மாட்டிக்கொண்டார். எனக்குத்தான் சார் எழுதியிருக்கார், ஆனா உங்களுக்கும்தான் மேடம் என்று நீட்டினார். நீங்கள் எழுதியிருந்தது இது: புது ஆள் பேசட்டும், நல்ல ஆளாகத் தெரிகிறது, நங்கூரத்தைச் சாகடிக்க வேண்டாம். என் மிச்சத்தை எல்லாம் அழித்துவிடு தம்பி, ஒன்றுகூட வைக்காதே, மேடத்திடம் நீயே சொல்லிவிடு. அவ்வளவுதான் இருந்தது. மேடம் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்குப் புரிவதற்காக இருக்கும்.

எழுத்துகள் தெளிவாக இருந்தன. கை நடுக்கம் குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

பஸ் நிலையத்துக்காரரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினோம். இரண்டு தடவை படித்தார். நல்ல ஆள்னு எழுதியிருக்காரே, என்னைப் பார்த்ததேயில்லையே என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மைக் அறைக்குள் போனார்.

ஸ்கிரிப்டை முழுதாகத் திருப்பி எழுதினோம். நங்கூரத்தை இந்த முறை நான் படிக்கவில்லை, சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு மூடுபனி. அவளுக்கு ஒரு காட்சியும் ஒரு சண்டையும் வாங்கிக் கொடுப்பதற்கு ஒரு மதியம் முழுக்க வாதாட வேண்டியிருந்தது. தீக்குச்சி யாரையும் கேட்காமல் அணைக்குள் இறங்குகிறாள், தப்பாக இறங்குகிறாள், பட்டம் அவளைத் திட்டிக்கொண்டே காப்பாற்றுகிறான். நங்கூரம் லேட்டாக வருகிறார். வந்து சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார், அவருக்கு ஆறேழு வரிதான். எட்டுப் பேர் தங்கள் வேலையைச் செய்தால் அவர் அவ்வளவு பேச வேண்டியதே இல்லை என்று எழுதும்போதுதான் தெரிந்தது.

குரல் மாறியதை எப்படி மறைப்பது என்று டைரக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டார். சளி என்று சொல்லலாம், வில்லன் ஏதோ மருந்து கொடுத்துவிட்டான் என்று சொல்லலாம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். குட்டி வக்கீல், எதுக்கு சார் மறைக்கணும், தீக்குச்சி நேராவே கேட்கட்டும் என்றாள். அப்படியே வைத்தோம். அண்ணா, உங்க குரல் மாறிப்போச்சு என்கிறாள் அவள். ஆமா என்கிறார் நங்கூரம். சரி, அந்தப் பக்கம் பிடிங்க என்கிறாள் அவள்.

அந்த ‘ஆமா’வை அவர் பேசும்போது டைரக்டர், இன்னும் கொஞ்சம் பழைய அண்ணன் மாதிரி வேணும் என்று கேட்டார். இரண்டு தடவை முயன்று பார்த்து அவர் வியர்த்துவிட்டார். நான் டைரக்டரிடம், அவர் மாதிரியே பேசட்டும் என்றேன். அவர் மாதிரின்னா யார் மாதிரி மேடம் என்று கேட்டார். உள்ளே நிற்கிறாரே, அவர் மாதிரி என்றேன். பேசினார். நன்றாக இருந்தது. உங்களுக்கும் பிடிக்கும் என்று எழுத வந்தேன். அதை நீங்கள்தான் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குட்டி வக்கீல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தன் டீயை என் பக்கம் நகர்த்தினாள். கெட்டிக்காரப் பெண்.

நேற்று அழிக்கிற வேலை. இன்ஜினியர் என்னைக் கூட இருக்கச் சொன்னார். தனியா செய்யக் கை வரல மேடம் என்றார். நான் இருந்தேன். ஒவ்வொன்றாகத்தான் போயிற்று. அழிப்பதற்கு முன் ஒரு தடவை ஓடவிட வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பெயர்கள் மட்டும் திரையில் வந்து வந்து மறைந்தன. பொறுங்க பார்க்கலாம், ஒன்று. பொறுங்க பார்க்கலாம், இரண்டு. பாலம் தூக்கும் மூச்சு. சிரிப்பு. நீங்கள் சொன்னபடி, ஒன்றுகூட இல்லை.

கடைசியில் தனியாக ஒன்று கிடந்தது. அது நங்கூரத்தின் வசனம் இல்லை. அதற்குப் பெயரும் போட்டிருக்கவில்லை, அதனால் என்ன என்று தெரியாமல் அவர் ஓடவிட்டார். முதல் சீசன் போலிருக்கிறது. மைக் திறந்திருந்தது தெரியாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடம் பேசியிருக்கிறீர்கள். எழுத்தாளரம்மா, இந்த வரியில நான் எங்கே மூச்சு விடறது, நீங்க எழுதறப்போ மூச்சே விடமாட்டீங்களா என்கிறீர்கள். நான் ஏதோ சொல்கிறேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்பதால் அது பதிவாகவில்லை. சரி, முறைக்காதீங்க, நான் சாயங்காலம் உங்ககூடத்தான் வீட்டுக்கு வரணும் என்கிறீர்கள். பிறகு சிரிக்கிறீர்கள். அவ்வளவுதான், சின்னதுதான்.

இன்ஜினியர் என் பக்கம் திரும்பவில்லை. இதை ஒரு காப்பி போட்டுத் தரேன் மேடம், சாருக்கு எப்படித் தெரியப்போகுது என்றார். நல்ல மனசில் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பென் டிரைவைத் தேடி என் கை பையைத் திறந்துவிட்டது.

மூடிவிட்டேன்.

ஒன்றுகூட என்று எழுதியிருக்கிறீர்கள். இது அதில் சேருமா, சேராதா? சேராது என்பதற்கு எனக்குக் காரணங்கள் வராமல் இல்லை. நங்கூரம் பேசியது இல்லை, படத்துக்காகப் பேசியது இல்லை, என்னிடம் பேசியது. இன்னும் நாலைந்து இருக்கிறது, நன்றாகவே வாதாடுவேன். சேரும் என்று நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதற்கும் ஒன்றிரண்டு தோன்றுகிறது. அவற்றை நான் எழுதப்போவதில்லை.

உங்கள் பதில் வரும்வரை அதைத் தொட வேண்டாம் என்று இன்ஜினியரிடம் சொல்லியிருக்கிறேன். நானும் அந்த அறைக்குப் போகமாட்டேன். அழித்துவிடு என்றால் அன்றைக்கே அழித்துவிடச் சொல்கிறேன், என்னை நம்பலாம். வைத்துக்கொள் என்றால் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவது எழுதத் தோன்றினால், எத்தனை பக்கமானாலும், எவ்வளவு நாளானாலும் சரி, அவசரமில்லை.

ஆனால் இன்ஜினியருக்கு எழுத வேண்டாம். அக்காவிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். இதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

குளிரில் நிற்காமல், நன்றாகச் சாப்பிட்டு, சௌக்கியமாக இருங்கள்.

உங்கள்
நான்